இரண்டு அங்குலம் உயர்ந்த கதை

டென்வரில் பழைய சுபாரு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி ஓடுகிறது, பனியில் வழுக்காமல் போகிறது, பின்னால் அரிசி மூட்டைக்கும் ஸ்ட்ரோலருக்கும் இடம் இருக்கிறது. ஆனாலும் அதை மலைக்காட்டில் ஏற்றிப் பார்க்காமல் தூக்கம் வராது. என்னுடையது 2004 அவுட்பேக் வேகன். ஜீப் வாங்க வசதியில்லை என்று வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, “இதையே ஜீப்பாக்கிவிடலாம்” என்று அறிவித்தேன்.

டயரில் ஆரம்பித்தேன். கரடுமுரடான வழிக்கென்றே வரும் ஆல்-டெரெய்ன் டயர் நான்கு வாங்கக் கை கடித்தது. இரண்டு மட்டும் வாங்கிப் பின்னால் மாட்டினேன். முன்னால் பாதி தேய்ந்த பழசு. நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகிற வண்டி என்று ஊரெல்லாம் பீற்றியவன், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. தேய்ந்த டயருக்குச் சுற்றளவு குறைவு. அதே தூரத்துக்கு அது அதிகம் சுழல வேண்டும். முன்னும் பின்னும் இப்படி வேறு வேறு வேகத்தில் சுழன்றால் நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடேறும். நான்கு டயருக்குள்ளும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். மளிகைக் கடை பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது வண்டி விட்டு விட்டு உதைத்தது. “ரோடு சரியில்லை” என்றேன் மனைவியிடம். அது புதிதாகப் போட்ட சிமென்ட் தரை.

மிச்ச இரண்டையும் வாங்கினேன். நான்குமே 225/60க்குப் பதில் 225/65, கொஞ்சம் பெரிசாக இருக்கட்டுமே என்று. விட்டம் 22 மில்லிமீட்டர் கூடியது. வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்ந்தது அதில் பாதி, 11 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் நான் 62ல் போய்க்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் விற்ற இந்த வண்டிகளில் ஏற்றத்தில் இழுவை கூட்டும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது. டயர் பெரிதானால் ஏற்றத்தில் இழுவை இன்னும் குறையும். மலையேற வாங்கிய டயர் மலையேறும் வலுவைத்தான் குறைத்தது.

பிறகு ஸ்ட்ரட்டுக்கு மேல் ஸ்பேசர் வைத்து இரண்டு அங்குலம் தூக்கினேன். வண்டி உயர்ந்தால் அச்சு சாய்ந்த கோணத்தில் சுழலும். அதன் முனையிலுள்ள ரப்பர் உறை மடங்கி மடங்கிக் கிழியும். கிழிந்தது. சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு முட்டிவலி. வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, ஏறுறதுக்கு ஒரு முக்காலி வாங்கலியா?” என்றார்.

அடியில் அலுமினியத் தகடு போட்டது உருப்படியான வேலைதான். ஆனால் ஆயில் மாற்றும்போது அதைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வடிந்த ஆயில் தகட்டின் மேல் ஏரியாகத் தேங்கி, இருக்கிற எல்லா ஓட்டை வழியாகவும் வழிந்தது. நான் பாத்திரம் வைத்திருந்த இடத்தைத் தவிர. ஸ்பேசர், உறை, அலைன்மென்ட் என்று கணக்குப் பார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கூரையில் ஒரு ஜோடி விளக்கும் மாட்டி, எல்லாம் முடித்து போரியஸ் கணவாய்க்குப் போனோம். பிரெக்கன்ரிட்ஜுக்கு மேலே, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் மண்பாதை. டயரில் 32 பவுண்டு காற்றை 22க்கு இறக்கினேன். மண்ணில் பிடிப்பு கூடும், குலுக்கல் குறையும். அதுவரை சரி. உச்சியில் இருந்த பலகையைப் படித்தபோதுதான் தெரிந்தது, அது 1937 வரை ரயில் ஓடிய தடம். செங்குத்தாக ரயில் ஏறாது அல்லவா? பாதை முழுக்கச் சாதுவான சரிவு. எனக்கு முன்பே வந்து நின்றிருந்த கொரோலாவிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி என் கூரை விளக்குகளைப் பாராட்டினார். இறங்கும்போது இன்னொன்றும் தெரிந்தது: காற்றடிக்கும் பம்ப் வீட்டில். தார்ச்சாலையில் நத்தையாய் ஊர்ந்து கேஸ் ஸ்டேஷன் சேர்வதற்குள் எத்தனை ஹாரன்!

பழைய வேகன் வைத்திருப்பவர்கள் ஒரே அளவில் நல்ல டயர் நான்கு, அடித்தகடு, ஒரு கையடக்க பம்ப் வாங்குங்கள், அதற்குமேல் வேண்டாம். அப்படியும் கேட்காதவர்களுக்கு என் கராஜில் கூரை விளக்கு ஒரு ஜோடி இருக்கிறது. பாதி விலைக்குத் தருகிறேன்.