பேனா கடையப் போற மருமவனுக்கு

ஏ மருமவனே, வேலைக்கு முழுக்குப் போட்டுட்டுப் பேனா கடையப் போறியாமே. உங்கம்மை போன்ல மூக்கைச் சிந்துதா. எனக்குச் சந்தோசந்தான். மரக் கடைசல்னு காதுல விழுந்தா அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு இனிக்காம என்ன செய்யும்? நீ அனுப்புன அமெரிக்கா பேனா கேட்லாக்கை அட்டையில இருந்து அட்டை வரைக்கும் பாத்துட்டேன். மாமன் சொல்லுதபடி செய்யி, கெட்டுப் போக வேற ஆளு வேண்டாம்.

முதல்ல கிட்டு வாங்கு. பித்தளைக் குழாய், கூர்முனை, கிளிப்பு, திருகுனா ரீஃபில் வெளிய வார பொறி, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில வரும். பெரும்பாலும் தைவான், சீனா சரக்கு. எழுதுத முனை கம்பெனி, மை கம்பெனி, தங்க முலாம் பூசுன கிளிப்பும் கம்பெனி. ஆனாலும் அதுக்குப் பேரு கையால செஞ்ச பேனா! பேனாவுக்கு நீ தைக்கப் போறது மேல்சட்டை மட்டுந்தான். அதைப் போயி வெளிய சொல்லிராத.

சிரிக்காத, அந்தச் சட்டையிலதான் ஆளு வெளுத்துப் போவான். முக்கால் இஞ்சு சதுரத்துல, அஞ்சு இஞ்சு நீளத்துல கட்டை வரும். ஸ்லிம்லைன் பேனான்னா ரெண்டா அறுத்து, நட்டநடுவுல 7 மில்லிமீட்டர் ஓட்டை போடணும். நீ ஒரே அமுக்கா அமுக்கு. தூளை வெளிய எடுக்காத. டிரில் பிட்டு சூடேறிக் கட்டை பளிச்சுன்னு விரிசல் விடும். கட்டை விக்கிறவன் வாழட்டும். தப்பிச்ச கட்டைக்குள்ள குழாயைப் பசை வச்சுச் சொருகு. ரெண்டு முனையையும் குழாய்க்கு நேர் செங்குத்தாச் சீவணும்னு விவரந் தெரிஞ்சவன் சொல்லுவான், நீ காதுல போட்டுக்காத. கடைசியில மாட்டும்போது இடுக்கு தெரியும், இல்லன்னா அமுக்குத அமுக்குல மரம் பிளக்கும். ரெண்டும் பாக்க வேடிக்கையா இருக்கும்.

பெறகு கம்பியில கோத்து, ரெண்டு பக்கமும் புஷ்ஷுங்குத வளையத்தை மாட்டி லேத்துல சுத்த விடணும். புஷ்ஷு மட்டத்துக்கு மரம் இறங்கணும். அந்த ஓரத்துல மரத்தோட கனம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. உளியைச் சாணை பிடிக்கப் போனா நேரம் வீணாப் போவும்லா? மொட்டை உளியையே வையி. டப்புன்னு ஒரு சில்லு தெறிச்சு, உள்ள இருக்க பித்தளை பல்லைக் காட்டும். அதுக்கும் அங்க பேரு வச்சிருக்காவ, புளோ-அவுட்டுன்னு.

அதையும் தாண்டிட்டா உப்புத்தாளு. 150-ல தொடங்கி 600 வரைக்கும். அப்புறம் மைக்ரோ-மெஷ்ஷுன்னு ஒண்ணு, 12000 வரை போவுதாம். அந்த நம்பர்ல தேச்சா நம்ம தாத்தா தலை கூட மின்னும். மேல பூச்சுக்குச் சூப்பர் குளூ. சுத்துத மரத்துல காகிதத்தால தொட்டுத் தொட்டுப் பல பூச்சுப் பூசுதாவ. கண்ணு எரியும், விரல் ஒட்டும், பேனா கண்ணாடியா மின்னும். இங்க கடைசல்காரன் அரக்குக் குச்சியைச் சுத்துத மரத்துல வச்சு அழுத்துவான். உரசுத சூட்டுலயே அரக்கு உருகிப் பிடிச்சுக்கிடும். சூப்பர் குளூ வேண்டாம்னா ஃபிரிக்‌ஷன் பாலீஷுன்னு ஒண்ணு கேட்லாக்ல போட்டிருக்கு பாரு, அதுல பெரும்பாலும் கரைச்சு வச்சிருக்கதும் அரக்குதான். ஜார்க்கண்டு பக்கம் மரத்துல பூச்சி வடிச்சது கடல் தாண்டிப் போயி, டப்பியில ஏறி, டாலர்ல உன் கைக்கு வருது. வாங்கு வாங்கு, வெளிநாட்டுச் சரக்குல்லா!

மரமும் அப்படித்தான். பெத்லகேம் ஆலிவு மரம், கொகோபோலோன்னு வாயில நுழையாத பேரா எடு. கொகோபோலோத் தூளு பல பேருக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போவும். முகமூடி போட்டா போட்டோவுல மீசை தெரியாது, யோசிச்சுக்கோ.

கேட்லாக்ல ஒவ்வொரு பேனாவுக்குக் கீழயும் கிட்டு நம்பர், முலாம், விலை எல்லாம் இருக்கு. கடைஞ்சவன் பேரைத் தேடிப் பாத்தேன், ஒரு இடத்துலயும் இல்ல. அந்த மரச்சட்டையைத் தைச்ச கை யாருதுன்னு நினைக்க? பாதிப் பேரு வேலையில இருந்து ஓய்வு வாங்கிட்டுக் கார் ஷெட்டுல லேத்தைப் போட்டவன். அவனுகளுக்கு 1986-லயே அமெரிக்கா முழுக்க ஒரு சங்கம் வந்துட்டு, ஊருக்கு ஊரு கிளை இருக்கு. யூட்டா மாநிலத்துக் கிப் கிறிஸ்டென்சனும் ரெக்ஸ் பர்னிங்ஹாமும் பேனா கடையதுக்குன்னே புஸ்தகம் போட்டவங்க. வெளிநாட்டுல சண்டைக்குப் போன சிப்பாய்களுக்குக் காசு வாங்காமக் கடைஞ்சு அனுப்புன கூட்டமும் அதுக்குள்ள உண்டு. அவனுகளைக் கிண்டல் பண்ண எனக்கு நாக்கு வரல. நம்ம நாட்டுலயும் ராஜமுந்திரி ரத்தினம் 1930-கள்லயே சுதேசிப் பேனா செஞ்சு காந்திக்கு அனுப்பி, பதில் கடுதாசியும் வாங்குனாரு. அந்தப் பேனாவுக்குப் பேரே, செஞ்சவரு பேருல, ரத்தினம் பேனாதான். கேட்லாக்ல துப்பாக்கி மாதிரி இழுத்து விடுத பேனா ஒண்ணு வச்சிருக்கான், போல்ட்-ஆக்‌ஷனாம். கிளிப்புலயும் துப்பாக்கி. துப்பாக்கிக்குக் கிடைச்ச மரியாதை கடைஞ்சவனுக்குக் கிடைக்கல, பாத்தியா?

கூலிக் கணக்குப் போடணும்னு உன் பெண்டாட்டி சொல்லுவா. விடாத. கிட்டு, கட்டை, பசை, தாளு எல்லாம் கழிச்சு மணிக்கு எவ்வளவுன்னு பாத்தா, இங்க வயலுக்கு வார ஆளு உன்னைப் பாத்து உச்சுக் கொட்டுவான். நிச்சயமாச் சம்பாதிக்கது கேட்லாக்கை அச்சடிச்சவன்தான். அவனுக்கு நீ பேனா விக்கணும்னு அவசியமே இல்ல, நீ கிட்டு வாங்குனாப் போதும். அதனால வேலையை விடாத; சனிக்கிழமை கடை, ஞாயித்துக்கிழமை உளியைத் தீட்டு. ரெண்டாவது கிட்டுப் பைக்குப் பதிலா ஒரு நல்ல சாணைக்கல்லு வாங்கு. இதை மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்லல.

அப்புறம், போன தீவாளிக்கு எனக்கு ஒரு பேனா அனுப்புனியே, கையில பிடிக்க வாகாத்தான் இருக்கு. ரீஃபில் தீந்து போச்சு. அதுக்குக் கிராஸ் கம்பெனி மாதிரி ரீஃபில்தான் சேருமாம், நம்ம ஊரு பெட்டிக்கடையில கேட்டா என்னை ஒரு மாதிரிப் பாக்கான். ரெண்டு வாங்கி அனுப்பு. மறக்காம அந்தப் பேனாவுல உன் பேரையும் ஒரு ஓரத்துல வெட்டிக் கொடுக்கணும், சொல்லிப்புட்டேன்.