பேரீச்சம்பழத்துக்குப் போன பாட்டுப் பெட்டி

1796-ல் ஜெனீவாவில் அந்துவான் ஃபாவ்ர் என்ற கடிகாரக்காரருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சீப்பு மாதிரிப் பல் வெட்டிய எஃகுத் தகட்டைச் சுண்டவிட்டுப் பாட்டு வரவழைத்தார். அடுத்த நூறு வருஷம் ஐரோப்பியச் சீமான்கள், முள் பதித்த உருளையில் இருந்த நாலைந்து பாட்டையே சாவி கொடுத்துச் சாவி கொடுத்துக் கேட்டுப் பூரித்தார்கள். நம் கரிசல் ஊர் அருப்புக்கோட்டையிலோ தறிச் சத்தம் சாவி இல்லாமலே கேட்டது.

1877-ல் எடிசன் பெட்டியைப் பேசவே வைத்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துத் திருச்சுழியில் வக்கீல் சுந்தரமய்யர் வீட்டில் பிற்காலத்து ரமண மகரிஷி பிறந்தார். 1896-ல் அமெரிக்காவில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் கிராமபோனுக்குச் சுருள்வில் மோட்டார் மாட்டினார். அதே வருஷம் நம் பையன் திருவண்ணாமலை போய் உட்கார்ந்து, வாயே திறக்கவில்லை. சீமையிலிருந்து வந்த இரைச்சலுக்குத் திருச்சுழி முன்கூட்டியே பதில் அனுப்பிவிட்டது.

வெள்ளைக்காரன் விடுவானா? 1902 நவம்பரில் ஒலிப்பதிவுக்காரர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைத் தட்டில் பிடித்தார். விடிய விடியப் பாடுகிற ராகத்தை அம்மணி மூன்று நிமிஷத்தில் முடித்து, கடைசியில் தன் பெயரை இங்கிலீஷில் அறிவிப்பார். ஜெர்மனியில் தட்டு அடிக்கிறவன் பெயரை மாற்றி ஒட்டிவிடக் கூடாதே!

அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கிற சரக்கு அரக்கு. நம் கரிசலில் முள்ளோடு நிற்கிற இலந்தை இருக்கிறதே, வடக்கே அதில் அரக்குப் பூச்சி வளர்க்கிறார்கள். நாம் பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பியதோடு சரி. துரியோதனனாவது அரக்கில் மாளிகை கட்டினான். கட்டியவன் கொளுத்தப் பார்த்தான். வெள்ளைக்காரன் அதையே பாடவைத்து விற்றான்.

கரிசலில் பாட்டுப் பெட்டிக்கு நிஜமான மரியாதை ரேடியோ செட்டுக்காரர் வந்த பிறகுதான். வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினால் கல்யாணம் பக்கத்து ஊருக்கும் சேர்த்து நடக்கும். 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் வந்தது; பிறகு அதன் வசனத் தட்டும் வந்தது. இங்கே தாலி ஏறும்; அங்கே குழாயில் ஜாக்சன் துரைக்கும் கட்டபொம்மனுக்கும் வாக்குவாதம் ஏறும். மாப்பிள்ளை வீட்டாரின் பாக்கி வசூல் பேச்சு அதில் அமுங்கிப்போகும்.

கேசட் வந்தது. தட்டும் பெட்டியும் பரணுக்குப் போயின, பரணிலிருந்து பழைய இரும்புக்காரரிடம் போயின, பதிலுக்குப் பேரீச்சம்பழம் வந்தது. இப்போது பேரன் அதே பெட்டியைப் பழம்பொருள் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறான். தாத்தாவாவது பழம் தின்றார்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளக்கும் பித்தளைக் குழலையும் நாய்ப் படத்தையும் கண்டு மயங்காதீர்கள். போன மாசம் செய்த பலகைப் பெட்டிக்குள் எங்கோ செத்துப்போன போர்ட்டபிளின் மோட்டாரைத் திணித்து, ‘ஜமீன்தார் வீட்டுச் சாமான்’ என்பார்கள். நிஜமான எச்.எம்.வி. 102 போர்ட்டபிளுக்கு வெளிக்குழலே கிடையாது. சூட்கேஸ்போல மூடித் தூக்கிப் போகலாம். ஒரு தட்டையும் புது ஊசியையும் கையோடு கொண்டுபோங்கள். பழைய ஊசி தட்டைச் சுரண்டிவிடும். சாவி கொடுத்து ஒரு பக்கம் முழுக்க ஓடவிடுங்கள். நடுவில் பாட்டு இழுத்தால் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். விலையைப் பாதியாகக் கேளுங்கள். பாடவே இல்லையென்றால், கடைக்காரர் எந்த ஜமீன் பெயரைச் சொன்னாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.