நாரைக்குத் தெரியாத எல்லை

1798-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் கௌல் என்னும் உறுதிப் பத்திரம் பெற்றுப் பட்சிகளைப் பரிபாலித்துவந்த வேடந்தாங்கல் கிராமத்தாருக்கு வாய்க்காத சிக்கன புத்தி, 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என்று வகுத்த சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகக் குறுக்கலாமென்று 2020-இல் யோசனை சொன்ன அதிகாரிகளுக்கு வாய்த்தது நம் பாக்கியமே. ஆலையும் மனைப்பிரிவும் காணாமல், அந்த நிலம் எத்தனை காலந்தான் நெல்லை விளைத்துக்கொண்டு வீணாகக் கிடப்பது!

நத்தைகுத்தி நாரைதான் இன்னும் இசையவில்லை. கூட்டை ஏரியிலே கட்டிவிட்டு இரையை அயலூர்க் கழனிகளில் தேடுகிற துர்ப்பழக்கம் அதற்கு. சேற்றில் அலகை விட்டு நத்தையை இழுக்கும்போது, தான் நிற்பது எந்தச் சர்வே நம்பர் என்று ஒருநாளும் பார்ப்பதில்லை. முட்டை ஓடு வரைக்கும் சரணாலயம், அதற்கப்பால் அபிவிருத்தி என்று ஸ்பஷ்டமாக வகுத்துவிட்டால் பட்சி ஜாதிக்கும் குழப்பமிராது.

ஏரிப் பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்ட காலமும் உண்டு: உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை இட்ட முன்னோர், கணக்குக் காட்டாதவனைப் பந்துக்களோடு சேர்த்து விலக்கிவைத்தார்கள் என்கிறது கல்வெட்டு. அவ்விதி இன்று அமலில் இல்லாதது நிர்வாகத்துக்குப் பெரிய சௌகரியம்.

எங்கள் ஊரான ஏனாத்தூரைப் பற்றியோ விசாரமே வேண்டாம். அந்த 5 கிலோமீட்டரிலும் அடங்காத ஊர் இது. இங்கே வந்திறங்கும் நாரை ஆதியிலிருந்தே ஆக்கிரமிப்பாளர்தான்.