மாமன் சுமந்த வாளி

திண்டுக்கல் பூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் வாளி விஷயத்தை முடித்துவிடுகிறேன். தோள்பட்டையில் தடவிய தைல வாசனை போவதற்குள் சொன்னால்தான் உண்டு. ஆறிப்போனால் "பாவம், பெத்த மனசு" என்று நானே அக்காவை மன்னித்துத் தொலைப்பேன். இப்போதைக்கு அந்த உத்தேசம் இல்லை.

காது குத்தும்போது மடியில் உட்காரவைப்பது, மோதிரம் போடுவது, கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பது என்று தாய்மாமனுக்குச் சில கடமைகளை வகுத்துவைத்திருக்கிறார்கள். மருமகன் ஹாஸ்டலுக்குப் போகும்போது சாமான் தூக்குவதை அதில் யார் சேர்த்தது? இன்ஜினீயரிங் கலந்தாய்வே 2018-ல் ஆன்லைனுக்குப் போய்விட்டது. எங்கள் பையன் மதுரையில் கட்டிலில் குப்புறப் படுத்தபடியே சென்னையில் இடம் பிடித்துவிட்டான். வாளி மட்டும் இன்னும் நேரில்தான் போக வேண்டியிருக்கிறது.

கல்லூரி அனுப்பிய பட்டியலில் கொண்டுவரக் கூடாதவைதான் அதிகம். அயர்ன் பாக்ஸ் கூடாது, ஹீட்டர் கூடாது, கரண்ட் அடுப்பு கூடவே கூடாது. அதைப் பொறுமையாகப் படித்து முடித்த அக்கா, ஒரு டப்பா மோர்மிளகாயை எடுத்துவைத்தாள்.

"அடுப்பே இல்லாம இத எதுல பொரிப்பான்?" என்றேன்.

"மெஸ்ஸுல குடுத்தா பொரிச்சுத் தர மாட்டாங்களா?"

ஹாஸ்டல் முழுவதற்கும் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது இவன் போய் மாஸ்டரிடம் நாலு மோர்மிளகாயை நீட்டுகிற காட்சியை நினைத்துச் சிரித்தேன். அதன் பிறகுதான் வாளி என் பொறுப்புக்கு வந்தது.

இருபது லிட்டர் வாளி. நீல நிறம். மூடி உண்டு, அந்த மூடிக்காகக் கீழமாசி வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். வாளி என்பது சாமான் இல்லை, சாமான் வைக்கிற இடம் என்பது அக்காவின் சித்தாந்தம். "சும்மா காலியாத்தானடா போகுது" என்று சொல்லிச் சொல்லியே அதை நிரப்பினாள். அடியில் சோப்புத்தூள். அதன்மேல் பேப்பரில் சுற்றிய செருப்பு. செருப்புக்குள் துணி கிளிப்புகள். பக்கத்தில் கொடிக்கயிறு. அப்புறம் கப்பு, கப்புக்குள் பருப்புப் பொடி, பொடிப் பொட்டலத்துக்கும் கப்புக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு நெயில் கட்டர். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்கு மூடி மேல் பாலித்தீன், அதன்மேல் ரப்பர் பேண்டு, அதன்மேல் அக்காவின் பழைய சேலைக் கிழிசல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எவர்சில்வர் தட்டு. யாரோ காதணி விழாவில் கொடுத்தது, "அன்பளிப்பு" என்று பேர் வெட்டியிருக்கும். அது வாளியின் வாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தியபோது அக்கா முகத்தில் வந்த சந்தோஷம், பையன் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட வரவில்லை. பிளாஸ்டிக்கில் பேர் வெட்ட முடியாதே என்று வாளியின் அடியில் சிவப்பு நெயில்பாலிஷால் இனிஷியல் போட்டாள். கப்புக்கு அடியிலும்.

இரண்டாவது வாளி ஒன்றும் தயாராக இருந்தது. குளிக்க ஒன்று, துவைக்க ஒன்றாம். எதற்கு என்று கேட்டதற்கு, "2019-ல சென்னைக்கு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்லல தண்ணி போச்சு, மறந்துட்டியா?" என்றாள். போனது வேகன் வேகனாகப் போனது, மாமன் யாரும் வாளியில் மொண்டுகொண்டு போகவில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தான் அந்த இரண்டாவது வாளியைச் சத்தமில்லாமல் பரணில் ஏற்றிவிட்டார். மனிதர் கல்யாணமான நாளிலிருந்து செய்த ஒரே புரட்சி.

ரயில்வே விதியைச் சொல்லிப் பயமுறுத்திப் பார்த்தேன். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோதான் இலவசம் என்றேன். "மூணு டிக்கெட்டுல்ல, 120 கிலோவா!" என்று உள்ளே போனவள் இன்னொரு கட்டைப்பையோடு வந்தாள். சரி, பெட்டி என்றால் 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரம் தாண்டக் கூடாது, இந்த வாளி அதைவிட உயரம் என்றேன்.

"அது பெட்டிக்குச் சொன்னது. வாளிக்கு உயரம் போட்டிருக்கா?"

போடவில்லை.

பாண்டியனில் ஏறினோம். 25 சென்டிமீட்டரை எதற்காக வைத்தார்கள் என்பது அங்கே விளங்கியது. வாளி எந்த பெர்த்துக்கு அடியிலும் போகவில்லை. நடுவில், என் கால் இருக்க வேண்டிய இடத்தில், அது நின்றது. திண்டுக்கல்லில் ஒரு குடும்பம் ஏறியது. டிராலிப் பெட்டி, சுருட்டிக் கட்டிய மெத்தை, நீல வாளி. அந்தப் பையனின் அப்பா என் வாளியைப் பார்த்தார், நான் அவர் வாளியைப் பார்த்தேன். எந்தக் காலேஜ், என்ன குரூப் என்றெல்லாம் கேட்கவில்லை. "எத்தன லிட்டரு?" என்றார். அவருடையது இருபத்தைந்தாம். மூடி கிடையாது. ராத்திரி முழுக்க, பாத்ரூமுக்குப் போனவர்கள் எல்லாரும் போகும்போது என் வாளியிலும் வரும்போது அவர் வாளியிலும் இடித்துக்கொண்டார்கள்.

எழும்பூரில் இறங்கித் தூக்கியபோது பிடி கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துத்தான் கொண்டுபோனேன். மருமகன் காதில் இயர்போனோடு எங்களுக்கு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவனாக எடுத்துவைத்தது என்று பார்த்தால் ஒரு சார்ஜர்தான். அதை அவனே தூக்கி வந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு கடை. தரையிலிருந்து கூரை வரைக்கும் வாளி. வாளி, கப்பு, கொடிக்கயிறு, துடைப்பம், பூட்டு எல்லாம் சேர்த்து செட்டாகவே கட்டி வைத்திருந்தார்கள். விலை கேட்காமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நம்முடையதைவிடக் குறைவு. மூடி இலவசம்.

நிஜமாகவே கேட்கிறேன், சென்னையில் இருக்கிறவர்கள் எதில் குளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அமெரிக்கா போகிற பையனின் பெட்டிக்குள் பிரஷர் குக்கர் போனால் நான் வாயே திறக்க மாட்டேன். மதுரைக்கும் சென்னைக்கும் 500 கிலோமீட்டர் தாண்டாது. நம் வீடுகளில் பெட்டி கட்டுகிற ஆள் ஒருத்தர், தூக்குகிற ஆள் வேறு ஒருத்தர். கட்டுகிறவரையே எழும்பூர் படிக்கட்டு வரைக்கும் தூக்கச் சொல்லிப் பாருங்கள், ஒரு பல்பொடிப் பாக்கெட் கூடுதலாக இருக்காது.

அறை மூன்றாவது மாடி. லிஃப்டில் "பணியாளர்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. ஏறிப் போனால் குளியலறைக்கு வெளியே சுவரோரமாக வாளிகள் வரிசையாகக் கிடந்தன. போன வருஷப் பையன்கள் விட்டுவிட்டுப் போனவை. "வேணும்கிறத எடுத்துக்குங்க சார். வருஷா வருஷம் இப்படித்தான் சேருது" என்றார் வாட்ச்மேன். ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ரோஸ் கலர் நெயில்பாலிஷில் இரண்டு எழுத்து.

அறைக்குள் அலமாரிக் கொண்டியில் மாங்காய்ப் பூட்டு நுழையாமல் அத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், அதற்குள் அக்காவிடமிருந்து போன்.

"போய்ச் சேந்துட்டீங்களா? வாளி பத்திரமா?"

பிடி போனதைச் சொன்னேன். சுவரோரம் கிடக்கிற வாளிகளையும், வேண்டுமென்றேதான், ஒவ்வொன்றாக நிறம் சொல்லி வர்ணித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"கீறல் இல்லாததா பாத்து ஒண்ணு வரும்போது எடுத்துட்டு வந்துருடா. மாடிக்கு வேணும்."

"அக்கா..."

"கப்பு கிடக்கான்னும் பாரு."