முற்றத்துப் பற்றரிக் கார்: கேள்வி – பதில்

கேள்வி: சிறுவர் ஏறி ஓட்டும் பற்றரிக் கார், காரா? விளையாட்டுச் சாமானா?

பதில்: பிள்ளைக்குக் கார்; தகப்பனுக்குக் கடன்; கடைக்காரருக்கு விளையாட்டுச் சாமான். உள்ளே ஒரு பற்றரி, பின்சில்லுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு சிறு மோட்டார், பல்சக்கரப் பெட்டி, காலடியில் ஒரு மிதி. பெரும்பாலான வண்டிகளில் அந்த மிதி வீட்டு லைற் சுவிச்சின் ஒன்றுவிட்ட தம்பி: மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். 6 வோல்ட் வண்டி மணிக்கு 3 – 4 கிலோமீற்றர் போகும். 12 வோல்ட் வண்டி 5 – 6, அதாவது பெரியவரின் நடைவேகம். 24 வோல்ட் என்றால் அம்மம்மா பின்னால் ஓடவேண்டி வரும்.

கேள்வி: இது அண்மைக்காலப் புதுமையா?

பதில்: கிட்டத்தட்ட நூறு வயது. பிரான்சில் கார் செய்த எத்தோரே புகாட்டி, 1926 இல் தம் இளைய மகன் ரோலானுக்காகத் தமது பந்தயக் காரான டைப் 35 ஐப் பாதியளவில், 12 வோல்ட் பற்றரியில் ஓடும்படி செய்தார். பார்த்த பணக்காரர் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்டார்கள். டைப் 52 என்ற பெயரில் சுமார் 500 வண்டிகள் விற்பனைக்கு வந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருக்கிறதே என்ற அழுகை அன்றே தொடங்கிவிட்டது.

கேள்வி: பற்றரிக் கார் சத்தமில்லாதது என்கிறார்களே, உண்மையிலேயே சத்தம் வராதா?

பதில்: எரிபொருள் வெடித்து எரியும் இயந்திரம் இல்லை, ஆகவே உறுமலும் புகையும் இல்லை. ஆனால் பல்சக்கரம் முனகும். கடின பிளாஸ்ரிக் சில்லு சீமெந்துத் தரையில் கடகடக்கும். சத்தமில்லாதது என்ற சொல் மோட்டாருக்கு மட்டுமே பொருந்தும், ஹோர்ன் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்ட பிள்ளைக்குப் பொருந்தாது.

அமைதியில் ஆபத்தும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து விற்கப்படும் ஒவ்வொரு புதிய மின்காரும், மணிக்கு 20 கிலோமீற்றர் வரையான வேகத்தில் நடப்பவருக்குக் கேட்கும்படி செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும். முற்றத்தில் தவழும் தங்கச்சிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே காது செய்யாத வேலையைப் பெரியவரின் கண்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்று மணலில் ஓடுமா?

பதில்: மணல் விட்டால் ஓடும். இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற கரையோர ஊர்களின் தளர்ந்த மணலில் வழுவழுப்பான பிளாஸ்ரிக் சில்லு உருளாமல் குழி தோண்டும். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, தான் இழுக்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். சுழற்சி நின்றால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். மின்னோட்டம் பல மடங்காகி வயர் சூடாகும். அப்போது வண்டியைக் காப்பாற்றுவது பியூஸ். அதைக் கழற்றிவிட்டு வயரை நேரே முறுக்கிவிடும் வீட்டு எஞ்சினியர்தான் உண்மையான ஆபத்து. 1998 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் ஒரு கோடி வரையான பவர் வீல்ஸ் என்ற சிறுவர் பற்றரி வண்டிகளைத் திருத்தத்துக்கு மீள அழைத்ததும், மின்பாகங்கள் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால்தான்.

கேள்வி: கரண்ட் பில் ஏறுமா?

பதில்: பில்லைப் பார்த்தால் கார் வந்ததே தெரியாது. 12 வோல்ட், 7 அம்பியர்-மணிப் பற்றரி கொள்வது 84 வாற்று-மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிற்றில் ஏழெட்டுத் தடவை ஏற்றலாம். இரண்டு மணிநேரம் மின்விசிறி சுற்றுவதற்கும் ஏறக்குறைய ஒரு தடவை ஏற்றும் அளவே ஆகும். எட்டு மணிநேரம் ஏற்றினால் ஏறத்தாழ ஒரு மணிநேர ஓட்டம். இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுதான் கடினம்.

கேள்வி: மாரி முடிந்து எடுத்தால் வண்டி அசைவதில்லையே?

பதில்: மழையில் ஓட்டாமல் மூலையில் வைத்தது சரி, சார்ஜ் இறங்கியபடி வைத்ததுதான் பிழை. ஈய-அமிலப் பற்றரி வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிகம் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. ஓட்டி முடித்த அன்றே ஏற்றுவதும், சும்மா கிடக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை ஏற்றுவதும் மருந்து. உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூக்காமலிருக்கக் கொஞ்சம் வாசலின் போதும்.

கேள்வி: எங்கே ஓட்டக்கூடாது?

பதில்: திருகோணமலை – மட்டக்களப்பு வீதியான ஏ15 இல், அதற்கு இறங்கும் ஒழுங்கையில், கட்டுத் தாழ்ந்த கிணற்றருகில். பிள்ளைக்கு ஸ்ரேறிங் கிடைத்தால் பிறேக் மறந்துபோகும். றிமோட் உள்ள வண்டியில் அது பெரியவர் கையில் இருக்க வேண்டும், அலுமாரிக்கு மேலே அல்ல.

கேள்வி: அந்தக் காலத்து நொங்குக் கோம்பை வண்டி போதாதா?

பதில்: நொங்கு குடித்த இரண்டு கோம்பை, அவற்றைக் கோக்க ஒரு தடி, தள்ளக் கவர் விட்ட ஒரு கம்பு. மணலிலும் போகும், சார்ஜ் வேண்டாம். ஓடுவது பிள்ளையின் கால் என்பதால் இரவில் நித்திரையும் வரும். பழுதானால் மாடு தின்றுவிடும். பழுதான ஈயப் பற்றரியை மாடும் தின்னக்கூடாது, மண்ணும் தின்னக்கூடாது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே உடைக்காமல், புதைக்காமல் பழைய பற்றரி வாங்குபவரிடம் கொடுத்துவிடுவதே முறை.

வாங்க முன் பெட்டியிலுள்ள படத்தைவிடச் சொந்த முற்றத்தைப் பார்ப்பது நல்லது. சீமெந்துத் தரையென்றால் பற்றரிக் கார். மணலென்றால் நொங்குக் கோம்பை.