எண்மறை இயல்: பிறைவேற் நம்பர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கடல் கடந்து போனவர்கள் இன்ரநெற் வழியாக ஊருக்குக் கோல் எடுக்கும்போது தம் எண்ணை மறைப்பது பற்றி முறையான உரையொன்றும் நம் கைக்கு எட்டவில்லை. தொல்லாசிரியர்கள் இதைத் தொடாமல் விட்டதற்குத் தொலைபேசி இல்லாமையே காரணம் என்பர் ஒரு சாரார். பொருத்தமான கருத்துத்தான்.

இங்கு ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான வழக்கே முதன்மையாகக் கொள்ளப்படும். மறைவு இருவகைத்து: தானாய் மறைந்தது, வேண்டி மறைத்தது. முன்னையது மலிவால் வருவது. மலிவான கோல் பல நிறுவனங்களின் கைமாறிப் போகும்போது எண் வழியில் உதிர்ந்துவிடும். சிலவேளை அந்த இடத்தில் உள்ளூர் எண்ணொன்று முளைத்து நிற்கும். இதில் எடுத்தவர்மேல் குற்றமில்லை; ஆகவே ஆராய்ச்சியில் சுவையுமில்லை. விடுக.

வேண்டி மறைத்தலே நம் பொருள். வட அமெரிக்காவில் எண்ணுக்கு முன் நட்சத்திரக் குறியும் 67-உம், பிரித்தானியாவில் 141. இன்ரநெற் கோல் செயலிகள் சிலவற்றில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

ஏன் மறைக்கிறார்கள்? கடன்காரருக்கு அஞ்சி என்பாரும் உளர். அவர்கள் எங்கள் ஊரை அறியார். காரணம் உபயம். மாமியின் கைபேசியில் விழுந்த கனடா எண் அன்று பின்னேரத்துக்குள் கோயில் பரிபாலன சபைச் செயலாளரிடம் போய்ச் சேரும். அடுத்த நாள் ரொறன்ரோவில் விடியப்புறம் மூன்று மணிக்கு ஒரு குரல்: "தம்பி, ஐஞ்சாம் திருவிழாவை உங்கட குடும்பத்துக்கெண்டு வைச்சிருக்கிறம்." செயலாளருக்கு அது மத்தியானம் பன்னிரண்டரை. அவர் நேரங்கெட்ட நேரத்தில் எடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

இனிக் கடா: மறைத்த எண் உண்மையில் மறைகிறதா? விடை: இல்லை. இன்ரநெற் பொறியாளர்கள் 2002-இல் வகுத்த விதிகளின்படி, அழைப்பவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அனானிமஸ்' என்று எழுதப்படும். மெய்யான எண்ணோ இன்னொரு வரியில், 'காட்ட வேண்டாம்' என்ற குறிப்போடு, ஒன்றையொன்று நம்பும் வலையமைப்புகளுக்குள் போய்க்கொண்டிருக்கும். சாதாரணத் தொலைபேசியிலும் கதை இதுதான். கனடாவில் 67 போட்டுவிட்டு 911-ஐ அழைத்தாலும் அவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள். ஆக, கம்பெனிக்குத் தெரியும், பொலிசுக்குத் தெரியும், மாமி ஒருவருக்கே தெரியாது என்பது முடிபு.

இம்முடிபும் பிழை.

'வந்தேன்' என்னும்போது 'நான்' கண்ணில் படுவதில்லை. தோன்றா எழுவாய் என்பர். ஆனாலும் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறைவேற் நம்பருக்கும் விகுதி உண்டு. அது நேரம்.

இலங்கையில் மணிக்கூட்டை யாரும் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுவதில்லை. ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மாரியில் பத்தரை. இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுக் கையலம்பி எடுக்கும் மகனின் கோல் யாழ்ப்பாணத்தில் கோடையில் காலை ஆறரைக்கும் மாரியில் ஏழரைக்கும் வரும். இந்த மாற்றம் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் நிகழ்வதுமில்லை. ஒக்டோபர் கடைசி ஞாயிறோடு கோல் ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஜேர்மனி. சரியாக ஒரு கிழமை கழித்துப் பிந்தினால் கனடா. ஒக்டோபர் முதல் ஞாயிறோடு ஒரு மணித்தியாலம் முந்தினால் மெல்பேர்ண். இந்த நாட்களின் சட்டதிட்டம் ஒன்றும் மாமி அறியார். "பிட்டு அவிக்கேக்க வாற கோல் இப்ப சாப்பிட்டு முடியத்தான் வருது" என்பதே அவர் கணக்கு. எம் அட்டவணைகளும் அந்தக் கணக்கும் ஒருமுறையும் முரண்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

இரண்டாம் விகுதி தாமதம். குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அளவுக்கு மிஞ்சினால் இருவரும் சேர்ந்து கதைப்பர், சேர்ந்து நிறுத்துவர், பிறகு சேர்ந்தே "நீங்கள் சொல்லுங்கோ" என்பர். வெளிநாட்டுக் கோல் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அஃதேல், ஒரே ஊரில் இருந்து, ஒரே நேரத்தில், இரண்டு மகன்மாரும் எண்ணை மறைத்து எடுத்தால் எவ்வாறு பிரித்தறிவது? இதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. மாமியிடமே கேட்டோம்.

"இதென்ன கேள்வி? பெரியவன் 'அம்மா, சாப்பிட்டியளோ' எண்டு தொடங்குவான். சின்னவன் 'அண்ணா காசு அனுப்பினவரோ' எண்டு தொடங்குவான்."