பாறை மேல் பள்ளிக்கூடம்

கொரோனா காலத்தில் வருசநாட்டு மலைக்கிராமங்களில் இணையவழிக் கல்வியின் முதல் பாடமே மலையேற்றம்தான். கடமலைக்குண்டு தாண்டி மேலே போகப் போக செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் பல நாள் அப்பாவோடு இலவங்காய் பறிக்கப் போய்விடும். மிச்ச நாட்களில் பாறை உச்சியில் நின்று “மிஸ், கேக்குதா?” என்று கேட்பதிலேயே முக்கால் வகுப்பு முடிந்துவிடும்.

கருவியைக் கொடுத்தால் கல்வி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை. பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் அசையவே இல்லை என்றது.

நம்மூர் சங்கதி வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது என்றார்கள். அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம், தன்னார்வலர்கள் மாலையில் சொல்லித்தரும் அரசுத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’யின் புண்ணியமாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் அதிகம் சேர்ந்தார்கள்.

அங்கே பயன்பட்ட அதிநவீனக் கருவி, சாயங்காலம் சாக்பீஸோடு வந்து உட்காரும் பக்கத்துத் தெரு அக்கா. சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம், பிள்ளை முழித்தால் மறுபடி சொல்லித்தரும் வசதி உண்டு. அப்போது அவருக்கு மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய்.